துடைப்பதற்கு முன் எடுத்த படம்

நான் வேலை பார்த்த பூ ஏற்றுமதி நிலையத்தின் புதிய மெனேஜர் வீட்டுக்கே வந்து கேட்டார். "சேர், படம் எடுக்கிற வேலைக்குப் புதுசா ஆறு பேரை எடுத்திருக்கோம். பூவைக் கிட்டப் போய் எடுக்கிறது எப்படின்னு உங்க அனுபவத்தை நாலு பக்கத்துல எழுதிக் குடுங்க." நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்திய கையோடு என் மேசையைத் தூக்கி வெளியே போட்ட நிலையம் இது. இருந்தாலும் யாராவது அனுபவம் என்று கேட்டு வந்தால் எனக்கு மறுக்க வராது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கிட்டப் போய் எடுப்பது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் போனுக்கே தெரியும். என்னிடம் இருந்தது சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன டிஜிட்டல் கெமரா. அதன் முதுகில் பூ அடையாளம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் பூவுக்கு இரண்டு விரல் தூரம்வரை போகலாம். கண்ணுக்குத் தெரியாத நரம்பெல்லாம் படத்தில் தெரியும். அழுத்த மறந்தால் பின்னாலிருக்கும் வேலி பளிச்சென்று வரும், பூ கஞ்சியில் கரைந்த மாதிரி வரும். தொழில்நுட்பம் அவ்வளவுதான். எனக்குப் பத்தொன்பது வருடத்துக்கு அது போதுமாக இருந்தது. என் உத்தியோகத்துக்கு வந்த ஆபத்தெல்லாம் பொத்தானால் வரவில்லை, என் கையால் வந்தது.

நான் இங்கே கிளார்க்காக வந்தவன். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் வளர்க்கும் அந்தூரியத்தைச் சேர்த்து, பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவது நிலையத்தின் வேலை. அனுப்பும் முன் வாங்குகிறவருக்குப் படம் காட்ட வேண்டும். கெமரா வாங்கிய நாளில், உடைந்துவிட்டால் யார் பொறுப்பு என்று அதன் பெட்டியைத் திறக்க எல்லோரும் பயந்தார்கள். நான் திறந்தேன். மறுநாளிலிருந்து நான்தான் நிலையத்தின் படப்பிடிப்பாளர். நம் நாட்டில் ஒருவனுக்குத் தொழில் வேறு எப்படி அமையும் என்று நினைத்தீர்கள்?

முதல் வருடமே வசமாக மாட்டிக்கொண்டேன். தெல்தோட்டையிலிருந்து வெள்ளை அந்தூரியம் ஒன்று வந்திருந்தது. இதய வடிவ மடல், நடுவில் மஞ்சள் திரி, ஒரு கீறல் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து அனுப்பினேன். வாங்குகிறவர் பதில் எழுதினார்: பூ மிக அழகு, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் நண்டும் கூட வருமா? நண்டா! கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், மடலின் ஓரத்தில் ஒரு சிலந்திக் குஞ்சு எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு எனக்குப் போஸ் கொடுத்திருக்கிறது. பூவில் அது கடுகளவு, திரையில் சாப்பாட்டுக் கோப்பை அளவு. அப்போதிருந்த மெனேஜர் அந்தப் படத்தை ஒபிஸ் முழுக்கத் தூக்கிக் காட்டினார். "இனிமே தொடைக்காத பூவை இந்தக் கெமரா பார்க்கவே கூடாது" என்றார்.

அன்றிலிருந்து ஒரு சட்டைப் பையில் கெமரா, மற்றப் பையில் ஈரத் துணி. வெளிச்சம் பார்க்க முதலில் ஒரு படம் எடுப்பேன். அடுத்து, பூவை அடியிலிருந்து நுனிவரை துடைப்பேன். அதற்குப் பிறகுதான் உண்மையான படம். வெளிச்சம் பார்த்த படங்களைப் பின்னேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிடுவேன். பெட்டி கட்டும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த நஸீர் நானா, "நீங்க தொடைக்கிற தொடைக்கு ஒரு நாளைக்குப் பூ வாய் தொறந்து ஏசப் போகுது" என்பார். நான் சிரிப்பேன். என் படத்தில் அதன்பிறகு நண்டு வரவில்லையே! ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டவனுக்கு வருகிற மண்டைக்கனம் இருக்கிறதே, அது கற்காதவனுக்கு வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தோட்டக்காரரின் பூ நம் பட்டியலில் சேர வேண்டுமென்றால், பூச்சியும் நோயும் இல்லை என்று அதிகாரி ஒருவர் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வேலையில் கறார். பட்டியலில் சேர்ந்தால்தான் நிலையம் பூ எடுக்கும். சேராவிட்டால் கல்யாண மண்டபக்காரரிடம் கூடையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

அந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "ஜீப்புக்கு எண்ணெய் இல்லை. நான் ஒவ்வொரு மலையா ஏற ஏலாது. நீங்கள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ, அதைப் பார்த்து முடிவெடுக்கிறன். நல்லாக் கிட்டப் போய் எடுங்கோ. இலையின்ரை பின்பக்கம், பூவின்ரை அடி, எல்லாம் வேணும். உள்ளதை உள்ளபடி எடுத்தாப் போதும்" என்றார்.

உள்ளதை உள்ளபடி என்றது எனக்குச் சுருக்கென்றது. என் படங்களைப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் வாயைப் பிளக்கிறார்கள், இவர் எனக்குச் சொல்லித் தருகிறாரே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். அவர் கேட்டது வேறு வேலை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஹந்தானைக்கு அன்று பஸ் இல்லை. வழிநெடுகத் தேயிலைக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தே ஏறினேன். பார்க்க வேண்டிய தோட்டம் செல்வராணியுடையது. நாற்பது வயதிருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கறுப்பு நிழல் வலை கட்டி, அதன் கீழே ஐந்து பாத்தி அந்தூரியம் போட்டிருந்தார். முதலில் இருந்தது நாலே கன்று. அதிலிருந்து பிரித்துப் பிரித்து மூன்று வருடத்தில் பந்தலை நிரப்பியிருந்தார். நிலையம் பூ எடுக்கப்போகிறது என்ற நம்பிக்கையில் அந்த மாதம்தான் தேயிலைத் தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் வேலையையும் விட்டிருந்தார். இனி அந்த ஐந்து பாத்திதான் அவருக்கு எல்லாம்.

"வாங்க சேர். நடந்தா வந்தீங்க? ஐயோ! இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

"முதல்ல வேலை முடியட்டும்மா" என்றேன்.

"அப்படின்னா அந்த மூலைப் பாத்தியப் பாருங்க சேர். பூவோட அடியில கறுப்பாப் பொடி தூவுன மாதிரி இருக்கு. ரெண்டு மூணு நாளாப் பாக்குறேன், என்னான்னு வெளங்கல. அதை நல்லா எடுத்து அந்த ஐயாக்கிட்ட காட்டணும்."

பார்த்தேன். எனக்குத் தூசியாகத்தான் தெரிந்தது. வழக்கம்போல வெளிச்சம் பார்க்க ஒவ்வொரு பாத்தியிலும் கிட்டப் போய் ஒரு படம் எடுத்தேன். திரும்பி வந்து மூலைப் பாத்தியில் துணியை எடுத்தேன்.

"சேர், தொடைக்கப் போறீங்களா? தொடைச்சிட்டா அவரு எப்படிப் பாப்பாரு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. "செல்வராணி, நான் எத்தனை வருஷமாப் பூ எடுக்கிறேன்? இது வெறும் தூசி. குளிப்பாட்டாம யாராவது பிள்ளையைப் படம் எடுக்கக் கூட்டிட்டுப் போவாங்களா?" என்றேன். அவர் ஒதுங்கி வழிவிட்டார். மலையேறி வந்த ஒபிஸ்காரரிடம் எவ்வளவுதான் பேசுவது?

ஐந்து பாத்தியிலும் துடைத்துத் துடைத்து எடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு நல்ல படங்களை நான் அதற்கு முன் எடுத்ததே இல்லை. மூலைப் பாத்திச் சிவப்பு, குங்குமத்தை மெழுகில் குழைத்த மாதிரி வந்திருந்தது. அதிகாரி பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். செல்வராணி பட்டியலில் சேர்ந்தார். நான் மீசையை முறுக்காத குறை.

பத்து நாள் போனது. செல்வராணியின் முதல் பூக்கள் வந்த அன்று, நஸீர் நானா பெட்டி கட்டும் மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு பூவை எடுத்து வெள்ளைக் கடதாசி மேல் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

"இங்க வாங்க. இந்த எழுத்தக் கொஞ்சம் வாசிங்க பாப்பம்."

கடதாசியில் ஏழெட்டுக் கோடு, பேனையால் கிழித்த மாதிரி. குனிந்து பார்த்தேன். கோடு நடந்தது.

"எழுத்து நடந்துக்கிட்டு ஈக்குதே!" என்றார் நஸீர் நானா. அவர் முகத்தில் சிரிப்பில்லை. அது இலைப்பேன். பூவின் அடியில் ஒளிந்திருந்து சாற்றை உறிஞ்சும். ஒரு பெட்டியில் போனால் போகிற இடத்தில் முழு அனுப்புதலையும் நிறுத்திவிடுவார்கள். அது போட்டுவிட்டுப் போகும் எச்சம்தான் அந்தக் கறுப்புப் பொடி. அன்றைய பெட்டிகள் அத்தனையும் நின்றன. செல்வராணியின் வாளியோடு ஒன்றாக வைத்திருந்த மற்றவர்களின் பூவையும் குழிக்குள் கொட்டினோம்.

மறுநாள் விசாரணை. மெனேஜரின் அறையில் அதிகாரி, மெனேஜர், நான், கதிரையின் நுனியில் செல்வராணி. மேசையில் ஒரு பக்கம் என் பளபளக்கும் படங்கள், மறுபக்கம் நஸீர் நானாவின் கடதாசி. அதிகாரி இதற்காகவே பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர், பேய்க் கோபத்தில் இருந்தார்.

"இந்தப் படத்தையும் இந்தக் கடதாசியையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. ரெண்டிலை ஒண்டு பொய். இவ்வளவு பூச்சி பத்து நாளிலை வராது. படம் எடுக்க முன்னம் ஆரோ பூவைச் சுத்தம் செய்திருக்கினம். ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன், அதை மட்டும் நம்புங்கள். ஆனால் ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. மெனேஜர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாய்க்குள்ளிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

"நான்தாங்க" என்றார் செல்வராணி. "சேர் படம் எடுக்க வர்றாருன்னு நாந்தான் தொடச்சு வச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. மறைக்காமல் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது வெட்கமல்ல, நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார். பூச்சியை மறைத்தவரை நம்ப முடியாது, ஆகவே பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். எந்தப் பாத்தியில் இருந்தது, எதில் இல்லை என்று இனிச் சொல்ல வழியில்லை, ஆகவே ஐந்து பாத்தியையும் பிடுங்கி எரிக்க வேண்டும். செல்வராணி கைநாட்டு வைக்கிற பெண் அல்ல. நீட்டிய இடத்தில் தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். எழுந்து எல்லோருக்கும் "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பிளேன்டீ வந்தது, குடித்தேன். அதன் பிறகு யன்னல் வழியாகப் பார்த்தால், எதிரே பஸ் நிறுத்தத்தில் செல்வராணி நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலத்துப் பஸ், எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன், அப்போதும் நின்றார். போய் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று இறங்கிப் போனேன். கவனியுங்கள், ஆறுதல் சொல்லத்தான் போனேன். எவ்வளவு பெரிய மனது எனக்கு!

"ஏன்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். "உங்களச் சொல்லிட்டா, நாளைக்கு ஒபிஸ்லருந்து யாரு சேர் அந்த மலைக்கு ஏறி வருவா? எனக்குப் பின்னால இன்னும் ஏழு வீட்டுல பூப் போட்டிருக்காங்க. மாட்டிவிடுற ஆளுங்கன்னு எங்களுக்குப் பேர் வந்துடும். என்னோடயே போகட்டும்."

"இனி என்ன செய்வ?"

"தோட்டத்துல போய்க் கேக்கணும், மறுபடி பேர் போடுவாங்களான்னு. போட மாட்டாங்க. கேட்டுத்தான் பாக்கணும்."

அழவில்லை, என்னை ஏசவுமில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு ஒபிஸுக்குள் போயிருப்பேன். "பஸ் வந்தாலும் ஏறாத" என்று சொல்லிவிட்டு, அந்த வயதில் ஓடினேன்.

கெமராவை எடுத்துப் பார்த்தேன். மின்வெட்டுக் காலம், பற்றரியை மிச்சம் பிடிக்க வேண்டி, அன்றாடம் அழிக்கும் வேலையை நான் நிறுத்தி வைத்திருந்தேன். துடைப்பதற்கு முன் வெளிச்சம் பார்த்த ஐந்து படமும் அப்படியே கிடந்தன. மூலைப் பாத்திப் படத்தைப் பெரிதாக்கினேன். கறுப்புப் பொடி. அதற்குள்ளே மூன்று இலைப்பேன், கால் முதற்கொண்டு தெரிந்தது. அதிகாரி புறப்பட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் கெமராவை வைத்தேன்.

குனிந்து பார்த்தார். "இது எப்ப எடுத்தது?"

"துடைக்கிறதுக்கு முன்னம்."

"ஆர் துடைச்சது?"

"நான்தான். அந்தப் பிள்ளை துடைக்க வேண்டாமென்றுதான் சொன்னது. பொடி இருக்குது, காட்டுங்கள் என்றும் சொன்னது. நான்தான் கேட்கவில்லை."

"ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் உங்கடை வாயிலை என்ன கிடந்தது?" என்றார் அதிகாரி.

அடுத்த படத்துக்குப் போகும் பொத்தானை அவருக்குக் காட்டினேன். அவர் மற்ற நான்கு பாத்திகளின் படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். நான்கிலும் பொடி இல்லை, பூச்சி இல்லை. பையைத் தோளிலிருந்து இறக்கினார். எழுதியதை வெட்டினார். மூலைப் பாத்தி மட்டும் எரிக்க வேண்டும், மற்ற நான்கின் பூவையும் மூன்று வாரம் கடதாசியில் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும், சுத்தமாக இருந்தால் பெயர் பட்டியலில் தொடரும் என்று புதிதாக எழுதினார். செல்வராணியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். "பிள்ளை, இனிமேல் ஆருக்காகவும் பொய் சொல்லிப் போடாதையும்" என்றார். செல்வராணி முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, "நாலு பாத்தி இருக்குதுல்ல சேர், போதும்" என்றார். பஸ் அதற்குப் பிறகும் வந்தபாடில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அப்போதிருந்த கிளார்க் விடுமுறையில் இருந்ததால் அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். என்ன வேடிக்கை என்றால், பத்தொன்பது வருடம் துடைத்துத் துடைத்து எடுத்த பூப் படம் ஒன்றுகூட இன்று இந்த நிலையத்தில் இல்லை. துடைப்பதற்கு முன் எடுத்த அந்த ஒரு படத்தைத்தான் அதிகாரி கேட்டு வாங்கிப் பெரிதாக அச்சடித்தார். நீங்கள் பெட்டி கட்டும் அறைக்குப் போகும்போது சுவரில் பார்க்கிறீர்களே, இலைப்பேன் இப்படித்தான் இருக்கும் என்று, அது என் கைவண்ணம். அதைக் காட்டித்தான் எல்லோரும் என்னைப் புகழ்வார்கள். தன் வேலை போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்ன மனுசன் என்பார்கள். நானும் வேண்டாமென்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்களிடம் மட்டும் மீதியையும் சொல்கிறேன். மூன்று வாரம் முடிந்து, நான்கு பாத்தியும் சுத்தம் என்று தெரிந்த பிறகு, புதுப் படம் எடுக்க ஹந்தானைக்குப் போனேன். எரித்த பாத்தி கறுத்துக் கிடந்தது. செல்வராணி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டார்.

"சேர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அன்னைக்கு நான் வெளிய வந்த ஒடனே பஸ் வந்திருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

"ஏன் சொல்ல மாட்டேன்? கட்டாயம் சொல்லியிருப்பேன்" என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

செல்வராணி என் முகத்தைப் பார்த்தார். என்னை அவர் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இல்லீங்க சேர், சொல்லியிருக்க மாட்டீங்க" என்றார். கோபமில்லை, குத்தலுமில்லை. இந்தப் பூ இன்னும் இரண்டு நாளில் வெட்டலாம் என்று சொல்கிற குரல்தான்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். "வெளிச்சம் போறதுக்குள்ள எடுங்க சேர்" என்று அவர் எழுந்து முன்னால் நடந்தார். நான் பின்னால் போய், அவர் காட்டிய இடத்தில் மண்டியிட்டேன்.